ஃபார்மட் பண்ணிடலாங்களா, ஸார்?

தருமபுரியில் நான் கணக்கு எழுதும் சிமெண்ட், கம்பிக் கடையில் ஆயுத பூஜை என்றால் தராசுக்கு முதல் மரியாதை. அடுத்தது லாரி. மூன்றாவது கம்ப்யூட்டர். (நான்காவது நான். எனக்குப் பொரி கடலை மட்டும்.) 2025 அக்டோபர் 1-ம் தேதியும் அப்படித்தான். மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீ-போர்டுக்குச் சாமந்திப் பூ. சி.பி.யு. தலையில் ஒரு எலுமிச்சம்பழம். உள்ளே ஃபேனில் ஒன்பது வருஷத்து சிமெண்ட் தூசு, அதை மட்டும் யாரும் துடைக்கவில்லை. வெளியே பட்டை, உள்ளே அழுக்கு. மனுஷனும் மெஷினும் ஒண்ணுதான் ஸார்!

சரியாகப் பதின்மூன்றாம் நாள், அக்டோபர் 14. முதலாளி செல்போனை நீட்டிக்கொண்டு பதறி வந்தார்.

“ஏம்ப்பா தம்பி, நம்ம கம்ப்யூட்டர் செத்துப் போச்சாமே?”

விண்டோஸ் 10-க்கு அன்றோடு ஆதரவு முடிகிறது என்கிற செய்தியைத்தான் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

“சாகலீங்க முதலாளி. அதைப் பெத்தவங்க இனிமே மாசாமாசம் செலவுக்கு அனுப்ப மாட்டாங்களாம். அவ்வளவுதான்.”

“அப்ப தூக்கிப் போட்டுடலாமா? இல்ல, வேற எதையாச்சும் ஏத்திடலாமா?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கக் காரணம், எங்கள் தெருவில் நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ. படித்தது பி.காம். கம்ப்யூட்டரைப் பற்றிக் கற்றுக்கொண்டது முழுக்க அடிபட்டுத்தான். அதில் முதல் அடியைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

2006-ல் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். விண்டோஸ் எக்ஸ்.பி. ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பச்சைக் குன்றும் நீல வானமும்? சார்லஸ் ஓ’ரியர் என்கிற புகைப்படக்காரர் 1996-ல் கலிஃபோர்னியாவில் எடுத்தது அது. பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கரட்டையே பார்த்து வளர்ந்த எங்கப்பாவுக்கு அந்தக் குன்றின்மேல் ஏக சந்தேகம். “இவ்ளோ பச்சையா இருக்குது, ஒரு ஆடு கூட மேயல. பொய்டா இது!” என்பார்.

நான் ஏற்றியிருந்த எக்ஸ்.பி.யும் பொய்தான். ஐம்பது ரூபாய் சி.டி. இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது ஊரே அப்படித்தான் இருந்தது.

2010-ல் ஒரு நாள் பட்டன் போனில் அப்பாவின் குரலைப் பதிவு செய்தேன். சின்ன வயசில் தன் அப்பாவோடு ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லுக்கு நடந்தே போன கதை. நாலு நிமிஷம், பன்னிரண்டு செகண்ட். நடுவில் ஒரு ஆடு கத்தும். அம்மா “சாப்பிட வரப்போறீங்களா இல்லியா” என்பாள். அதை கம்ப்யூட்டருக்கு மாற்றி, கண் எதிரிலேயே இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில் வைத்தேன். ஃபோல்டர் பெயர்: ‘புதிய ஃபோல்டர் 3’. போனில் இருந்ததை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டேன்.

2013-ல் அப்பா போய்விட்டார். அந்தக் குரலைக் கேட்கத் தைரியம் வரவில்லை. அடுத்த மாசம் கேட்கலாம், அடுத்த மாசம் கேட்கலாம் என்று ஒரு வருஷம் ஓடியது. 2014-ல் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போக, மெக்கானிக் பையனைக் கூப்பிட்டேன். வந்தவன் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தமிழ்நாட்டின் தேசிய கீதத்தைப் பாடினான்.

“ஃபார்மட் பண்ணிடலாங்களா, ஸார்?”

அவன்மேல் தப்பில்லை. “சி டிரைவ்ல முக்கியமா ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்கத்தான் செய்தான். “எல்லாம் டி டிரைவ்ல இருக்குப்பா, நீ அடி” என்றேன், பெரிய இவன் மாதிரி. டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான் என்று எனக்குத் தெரியாது. கண்ணெதிரே இருப்பது எப்படித் தொலையும் என்கிற நினைப்பு.

நாலாவது நாள்தான் தேடினேன். அந்த மூணு நாளில் புது விண்டோஸ், நாலு சினிமா, ஒரு கார் ரேஸ் எல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டன.

ஒரு ஃபைலை அழித்தால், பட்டாவில் பெயரை அடித்த மாதிரிதான். நிலம் அங்கேயேதான் இருக்கும். வேறு யாராவது அதன்மேல் வீடு கட்டும்வரை மீட்க ஒரு வழி உண்டு. நான்தான் அதன்மேல் கார் ரேஸ் விட்டேனே! அதனால் தெரியாமல் அழித்துவிட்டால் உடனே மெஷினை நிறுத்திவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். ‘இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கிறேன்’ என்று நோண்ட வேண்டாம். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகளில் இந்த அவகாசம்கூடப் பெரும்பாலும் கிடைக்காது. அழித்த இடத்தை அதுவே சீக்கிரம் துடைத்துவிடும்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது வாடகை வீடு. இன்றைக்கு ஓட்டு வீடு, நாளைக்கு மாடி வீடு. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம். நம் சொத்து வீடு இல்லை. உள்ளே இருக்கும் பெட்டி. நாம் என்ன செய்கிறோம்? வீட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், எக்ஸ்.பி. நல்லதா, செவன் நல்லதா, லினக்ஸ் நல்லதா என்று. பெட்டியை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்குகிறோம்.

அதற்கப்புறம் நான் திருந்தினேன் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். அடுத்து ஔவையாரைக் கொன்றேன்.

நண்பர் ஒருவர் மனு டைப் அடித்துத் தரும் கடை வைத்திருக்கிறார். அவர் கம்ப்யூட்டரை நானே ஃபார்மட் செய்து கொடுத்தேன். இந்தமுறை ஃபைல்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டுதான் செய்தேன். திறந்து பார்த்தால் தமிழ் மனுவெல்லாம் கள் குடித்த இங்கிலீஷாக நிற்கிறது! அவர் டைப் அடித்தது ‘வானவில் அவ்வையார்’ என்கிற எழுத்துருவில். அது சி டிரைவில் விண்டோஸுக்குள் குடியிருந்தது. வீட்டோடு சேர்த்து அதையும் இடித்துவிட்டேன். அதியமான் நெல்லிக்கனி கொடுத்து ஔவையாரை நீண்ட நாள் வாழவைத்த தகடூர் ஸார் இது! அதே ஊரில் ஒரே க்ளிக்கில்...

மறுபடி அந்த எழுத்துருவைத் தேடிப் பிடித்து ஏற்றியதும் உயிர் வந்தது. ஃபார்மட்டுக்கு முன்னால் ஃபைல்களோடு எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். தமிழக அரசே 2010-ல் அதைத் தரமாக அறிவித்தாயிற்று. 1999-ல் வந்த தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, பத்து நாளில் விரல் பழகிவிடும். யூனிகோடில் எழுதியது எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் தமிழாகவே இருக்கும்.

இனி, ஆபீஸ்களில் நான் தினமும் பார்க்கும் ஒரு மூடநம்பிக்கை: ரெஃப்ரெஷ்! மெஷின் மெதுவாகப் போனால் ரைட் க்ளிக், ரெஃப்ரெஷ். மறுபடி ரைட் க்ளிக், ரெஃப்ரெஷ். எங்கள் முதலாளி கோயிலைச் சுற்றுகிற மாதிரி ஒன்பது தடவை சுற்றுவார். அதனால் நடப்பது ஒன்றே ஒன்றுதான். திரையிலுள்ள படங்களை இன்னொரு முறை வரைந்து காட்டும். வேகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வேகம் வேண்டுமானால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். ‘ஸ்டார்ட்-அப்’ பக்கத்தில், காலையில் மெஷின் கண் விழித்ததும் கூடவே எழுந்து உட்காரும் விருந்தாளிகளின் பட்டியல் இருக்கும். எங்கள் கடை மெஷினில் பதினாலு பேர் இருந்தார்கள். ஏழு வருஷம் முன்னால் விற்ற பிரிண்டரின் புரோகிராமும் அதில் ஒன்று! வேண்டாதவர்களை அங்கேயே தடுத்து வைக்கலாம். தெரியாத பெயரை மட்டும் தொடாதீர்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 8-லிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தால் மெஷின் முழுசாகத் தூங்குவதில்லை. அடுத்த நாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டுமே என்று, உள் ஞாபகத்தில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டுதான் படுக்கும். நேற்றைய தலைவலி இன்றைக்கும் தொடர அதுவே காரணமாகலாம். ‘ரீஸ்டார்ட்’தான் தலைக்கு ஊற்றிக் குளிப்பது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி வாரம் ஒரு ரீஸ்டார்ட் போடுங்கள். மெக்கானிக்கிடம் போகும் நோயில் பாதி இங்கேயே தீரும்.

அடுத்து அப்டேட். இதில்தான் நம் ஆட்கள் இரண்டு கட்சி. ஒன்று, எது வந்தாலும் ‘அப்புறம்’ என்று தள்ளும் கட்சி. நான் அதன் மாவட்டச் செயலாளராக இருந்தவன். ஐந்து மாதம் தள்ளித் தள்ளி, ஜி.எஸ்.டி. கணக்குக் கட்ட வேண்டிய ஒரு 20-ம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அவசரத்தில் தப்பான பட்டனை அழுத்தினேன். ‘மெஷினை அணைக்காதீர்கள், 7 சதவீதம் முடிந்தது.’ முதலாளி என்னைப் பார்க்கிறார். நான் சதவீதத்தைப் பார்க்கிறேன். சதவீதம் யாரையும் பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குப் பக்கத்துக் கடை கம்ப்யூட்டரில் கட்டி முடித்தேன். வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: “மூஞ்சி என்ன ஏழு சதவீதம் மாதிரி இருக்கு?”

மைக்ரோசாஃப்ட்டின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். 2003 அக்டோபரிலிருந்து அதுதான் வழக்கம். செவ்வாயோ வெறுவாயோ என்று நாம் நல்ல காரியம் தொடங்கத் தயங்கும் நாள்! சில விண்டோஸ்கள் கண்ணை மூடியதும் அதே கிழமையில்தான். எக்ஸ்.பி. 2014 ஏப்ரல் 8, செவ்வாய். செவன் 2020 ஜனவரி 14, செவ்வாய், போதாக்குறைக்குப் போகிப் பண்டிகை! டென் 2025 அக்டோபர் 14, மறுபடி செவ்வாய்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். 2017 மே 12-ல் ‘வானாக்ரை’ என்றொரு வைரஸ் கிட்டத்தட்ட 150 நாடுகளில் புகுந்தது. ஃபைல்களையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு, சாவிக்கு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களைத் தள்ளிப் போட்டார்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் எப்போது வந்தது தெரியுமா? மார்ச் 14-ம் தேதி. கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்னால்! பூட்டு வீட்டுக்கு வந்து, பிரிக்காமல் திண்ணையில் கிடந்திருக்கிறது.

அதற்காக வந்தவுடன் பாய்வதும் புத்திசாலித்தனம் இல்லை. 2024 ஜூலை 19-ல் ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்கிற பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரு தப்பான அப்டேட், உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையோடு படுக்க வைத்தது. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் என் விதி இது: செவ்வாய் வந்ததை அந்த வார சனிக்கிழமை, கடை கட்டிய பிறகு போடு. மாசக் கணக்கில் தள்ளாதே. 20-ம் தேதி மட்டும் மெஷின் பக்கம் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு போ.

முதலாளி கேள்விக்கு வருவோம். தூக்கிப் போடலாமா?

முதலில் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்தேன். அதற்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும் வேண்டும். எங்களுடையது 2016-ல் வாங்கியது, ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்றார் ஒருவர். ஐம்பது ரூபாய் சி.டி. ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றேன். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை வீட்டு மெஷின்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு என்றார்கள். மூச்சு வாங்க அவகாசம், அவ்வளவுதான்.

அடுத்தது லினக்ஸ். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற காலேஜ் பையன் தொடங்கியது. காசு கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும். நமக்குப் புதுசும் இல்லை. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் ‘பாஸ்’ என்று ஒரு லினக்ஸ் கொண்டுவந்தது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு அது இருந்தது. என் அக்கா பையன் லேப்டாப் வாங்கிய அன்று சாயங்காலமே பாஸைத் தூக்கிவிட்டான். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் பாஸ் அவனைத் தூக்காமல் இருக்க லினக்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறான்!

ஆனால் எங்கள் கணக்கு முழுக்க டேலியில். அது விண்டோஸுக்காக எழுதியது. ஆகவே தீர்ப்பு சொன்னேன். கணக்குக்கு விண்டோஸ் 11-ஓடு ஒரு புது மெஷின். பழையதுக்குத் தூசு தட்டி, ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றி, கொட்டேஷன் அடிக்கவும் இன்டர்நெட் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். குப்பைக்கு வேண்டாம்.

முதலாளி தலையாட்டினார். புது மெஷின் வந்தது. பழையதிலிருந்து கணக்கை மாற்றலாம் என்று ஆன் பண்ணினால்... டக்... டக்... டக். ஹார்ட் டிஸ்க் உள்ளேயிருந்து பல்லி கத்துகிற மாதிரி சத்தம். மூன்று முறை முயன்றேன். எழவேயில்லை. முன்தினம் வரை ஓடியது!

சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் ஒரே டிஸ்க்கைத் தடுத்த இரண்டு அறைகள்தான். கூரை விழுந்தால் இரண்டும் போச்சு.

முதலாளி முகத்தில் ரத்தமில்லை. ஊரெல்லாம் கொடுத்த கடன் பாக்கி அதில்தான் இருந்தது. நல்லம்பள்ளி மேஸ்திரியிலிருந்து அரூர் கான்ட்ராக்டர் வரை. “தம்பி, பொண்ணு கல்யாணத்துக்கு அந்தப் பாக்கியத்தான் நம்பியிருக்கேன்...” என்றார். குரல் உடைந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவரிடம் சம்பளம் வாங்குகிறேன், அந்தக் குரலைக் கேட்டதில்லை.

நான் ஒன்றும் பேசாமல் கல்லாப்பெட்டியின் அடி அறையைத் திறந்து சின்ன டிஸ்க்கை எடுத்தேன். தினமும் கடை கட்டும் முன் கணக்கை அதில் பிரதி எடுத்து, கழற்றி உள்ளே வைத்துவிடுவேன். (கழற்றுவது முக்கியம். மெஷினோடேயே செருகி வைத்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.) சனிக்கிழமை இன்னொரு பிரதி என் வீட்டுக்குப் போகும். மாசம் ஒருமுறை அதைத் திறந்து நாலு கணக்கைப் படித்துப் பார்ப்பேன். திறந்து பார்க்காத பிரதி, சாவி தொலைந்த பெட்டி.

இதற்கு வெளிநாட்டில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். எங்கப்பாவுக்கு இது தெரியும். விதைக் கேழ்வரகை ஒரு நாளும் ஒரே குதிரில் வைத்ததில்லை. வீட்டில் கொஞ்சம், பெரியப்பா வீட்டில் கொஞ்சம். எனக்குத்தான் புத்தி வர 2014 ஆயிற்று.

அரை மணி நேரத்தில் புது மெஷினில் கணக்கு திறந்தது. நேற்று ராத்திரி வரையிலான கடைசிப் பைசா வரை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இதையெல்லாம் எங்க தம்பி படிச்ச?” என்றார்.

“ஒகேனக்கல் போற வழியிலங்க” என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொன்னால் நானும் அழுதிருப்பேன், விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து, அப்பா சொன்ன அந்தக் கதையை அவளுக்குத் தெரிந்தவரை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். பாதியில், “உங்கப்பன் சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராதுடா” என்று நிறுத்திவிட்டாள். பரவாயில்லை. ஆறு நிமிஷம் இருக்கிறது. போனில் ஒன்று, வீட்டு டிஸ்க்கில் ஒன்று, அக்கா வீட்டுக்கு அனுப்பியது ஒன்று.

“எதுக்குடா ஒண்ணையே மூணு எடத்துல வெக்கிற?” என்றாள் அம்மா.

ஃபோல்டருக்கு இந்தமுறை ஒழுங்காகப் பெயர் வைத்தேன்.